இணையவழி ஏலமும் பழநாணய மோசடியும்

பொருள்களை விலை மதிக்கும் முறை இருவகைப்படும். அரிசி, துணி, உப்பு முதலியவற்றின் விலை, அவற்றின் பயனையும் அவற்றை ஆக்குதற்கு நேர்ந்த செலவையும் ஒட்டி அமைவது. இவ்வளவைக்குள் அடங்காத பொருள்களும் உண்டு. விக்டோரியா இராணியின் தலை பொறித்த தபால் தலையை ஒட்டி இன்று யாரும் கடிதம் அனுப்ப இயலாது. ஜார்ஜ் மன்னரின் வெள்ளி ரூபாயைக் கொடுத்து ஒரு படி உப்பும் வாங்க இயலாது. எனினும் இவை விலை பெறுகின்றன. சில சமயம் வியக்கத்தக்க விலையும் பெறுகின்றன. அதற்குக் காரணம், அப்பொருள் அரிதாயிருத்தல் ஒன்று. அதனை ஒருவர்க்கு மேற்பட்டோர் விரும்புதல் மற்றொன்று. இவ்விரண்டனுள் பின்னையதே வலிமை மிக்கது. எத்துணை அரிதாயினும், விரும்புவார் இல்லாத பொருளுக்கு விலையும் இல்லை. ஆகலின், பிறர் விரும்புகின்றனர் என்ற தோற்றத்தை உண்டாக்க வல்லவன், விலையையும் உண்டாக்க வல்லவனாகின்றான். இந்நாளில் இணையவழி ஏலங்களைப்பற்றி நாம் கேள்வியுறும் மோசடிகளுக்கெல்லாம் வேர் இதுவே. அது பிறநாட்டில் எவ்வாறு தோன்றிற்று என்பதையும், நம் பக்கத்து ஊர்களில் எவ்வாறு உருமாறி வந்து நிற்கின்றது என்பதையும் இங்கு விளக்கக் கருதுகின்றோம்.

இளமையில் ஏதேனும் ஒன்றைத் திரட்டி வையாதார் அரியர். தீப்பெட்டிப் படங்கள், தபால் தலைகள், பிறநாட்டுக் காசுகள் என்று அவரவர் வாய்ப்புக்கேற்பச் சேர்ப்பர். இத்தகைய திரட்டில் உண்டாகும் இன்பம் பெரும்பாலும் ஒரு பொருளினிடத்து இல்லை. வரிசை முழுமை பெறுவதிலேயே உள்ளது. நூறு படங்கள் கொண்ட வரிசையில் தொண்ணூற்றொன்பது கிடைத்துவிடின், எஞ்சிய ஒன்றைப்பற்றிய ஏக்கம் உறக்கத்தையும் கெடுக்கும். ஏலக்காரர்கள் பிழைப்பது இவ்வேக்கத்தினாலேதான்.

ஏலம் என்பது நம்மவர்க்குப் புதிதன்று. ஏரியின் மீன்பாசியும், கோயில் தோப்பின் புளியும் தேங்காயும் ஆண்டுதோறும் ஏலத்தில் விடப்படுவதைக் கிராமங்களிற் பிறந்தோர் கண்டிருப்பர். அங்கே நடக்கும் சூழ்ச்சி ஒருவகையானது. கேட்போர் அனைவரும் முன்னதாகவே ஒன்றுகூடி, 'இவ்வாண்டு நீ எடுத்துக்கொள். அடுத்த ஆண்டு எனக்கு விடு' என்று பேசி வைத்துக்கொண்டு, விலையை ஏறவொட்டாமல் தடுப்பர். இதனால் நட்டமடைவது ஊர்ப்பொது. நாம் இங்கே பேசப்போகும் சூழ்ச்சி இதற்கு நேர்மாறானது. விற்பவனே ஆள்வைத்து விலையை ஏற்றுவது. கூடியிருக்கும் மக்கள் ஒருவரையொருவர் அறிந்த ஊரில் இது எளிதில் நடவாது. மாரிமுத்துவின் மைத்துனன், வாங்கும் வசதி சிறிதுமின்றி உரத்துக் கேள்வி கேட்பானாயின், ஊரார் சிரித்துவிடுவர்.

சென்னையில் மூர் மார்க்கெட் என்னும் அங்காடி 1985-ஆம் ஆண்டு எரிந்துபோகும் வரையில், பழநூலும் பழநாணயமும் பழைய தட்டுமுட்டுப் பொருள்களும் வாங்க விரும்பினோர் அங்கே சென்றனர். அங்கும் ஏமாற்று உண்டு. ஏமாந்தோர் கதைகள் சென்னை நகரத்தின் செல்வங்களில் ஒன்று என்றே சொல்லலாம். ஆயினும், பொருள் கையில் இருந்தது. நாணயத்தைத் தட்டி ஓசை கேட்கலாம். விளிம்பை நகத்தால் வருடிப் பார்க்கலாம். விற்பவன் முகத்தையும் நோக்கலாம். இணையவழி வாணிகத்தில் பொருளுக்குப் பதில் அதன் படமும், மனிதனுக்குப் பதில் ஒரு புனைபெயருமே நமக்குக் கிடைக்கின்றன. அப்படம் விற்பவனுடைய பொருளின் படந்தானா என்பதும், ஐந்து புனைபெயர்கட்குப் பின்னால் ஐவர் இருக்கின்றனரா, ஒருவனே இருக்கின்றானா என்பதும் நோக்குவார்க்குப் புலனாவதில்லை.

இச்சூழ்ச்சி நன்கு வெளிப்பட்ட இடம் அமெரிக்கா. அந்நாட்டினர்க்குப் பேஸ்பால் என்னும் மட்டைப்பந்தாட்டம், நமக்குக் கிரிக்கெட்டைப் போன்றது. 1909 முதல் 1911 வரையில் அமெரிக்கப் புகையிலைக் கம்பெனியார், தம் சிகரெட்டுப் பெட்டிகளுள் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களின் வண்ணப்படம் அச்சிட்ட சிறு அட்டையை வைத்து விற்றனர். பிட்ஸ்பர்க் நகரத்தின் ஆட்டக்காரரான ஹோனஸ் வாக்னர் என்பவர் தம் படத்தை வெளியிட இசையாமையால், அவருடைய அட்டை சிறிது காலத்திலேயே நிறுத்தப்பட்டது. இன்று எஞ்சியிருப்பவை சில பத்துக்களே. வரிசையை முழுமையாக்க விரும்பும் ஒவ்வொருவர்க்கும் குறைவது அவ்வோர் அட்டையே. 2022-ஆம் ஆண்டில் அவற்றுள் ஒன்று எழுபத்திரண்டரை இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. ஒரு தீப்பெட்டிப் படத்தினும் சிறிது பெரிதான அட்டைக்கு இவ்விலை!

அவ்வட்டைகளுள் மிகத் தூயதெனப் பெயர் பெற்றிருந்த ஒன்றின் வரலாறு நோக்கத்தக்கது. பில் மாஸ்ட்ரோ என்பவர் 1985-இல் அதனை 25,000 டாலருக்கு வாங்கி, இரண்டாண்டு கழித்து 1,10,000 டாலருக்கு விற்றார். 1991-இல் அது ஏலத்தில் 4,51,000 டாலருக்குச் சென்றது. அப்போது வாங்கியோருள் ஒருவர் பனிவளைகோலாட்டத்திற் புகழ்பெற்ற வேய்ன் கிரெட்ஸ்கி. அட்டைகளின் தரத்தை ஆராய்ந்து எண்ணிட்டு உறையிலிட்டு முத்திரையிடும் கம்பெனியொன்று, தன் முதல் சான்றிதழை அவ்வட்டைக்கே வழங்கி, பத்துக்கு எட்டு என்று மதிப்பிட்டது. 2007-இல் அதன் விலை இருபத்தெட்டு இலட்சம் டாலர். இதற்கிடையே மாஸ்ட்ரோ, தொலைபேசி வழியாகவும் இணையவழியாகவும் ஏலம் நடத்தும் பெரிய நிறுவனமொன்றின் தலைவரானார். பின்னர் அரசாங்கத்தார் புலனாய்ந்து வழக்குத் தொடுத்தபோது, 2013-இல் அவர் நீதிமன்றத்தில் இரண்டினை ஒப்புக்கொண்டார். தம் ஏலங்களில் போலிக் கேள்விகளைப் புகுத்தி விலையை ஏற்றியது ஒன்று. அப்புகழ்பெற்ற வாக்னர் அட்டையின் ஓரங்களை வெட்டி நேராக்கியது மற்றொன்று. 2015-இல் அவருக்கு இருபது மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சான்றிதழ் வழங்கும் கம்பெனியின் முதல் முத்திரையே வெட்டப்பட்ட அட்டையின்மேல் விழுந்திருந்தது என்பதை எண்ணுந்தோறும் வியப்பு உண்டாகின்றது. முத்திரையை நம்புவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

போலிக் கேள்வி விலையை எவ்வாறு ஏற்றுகின்றது என்பதைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். இணையவழி ஏலங்களிற் பலவற்றில், வாங்க விரும்புவோர் தாம் கொடுக்கக்கூடிய மிக உயர்ந்த தொகையை முன்னரே இயந்திரத்திடம் தெரிவித்துவிடலாம். நீங்கள் ஒரு நாணயத்துக்கு 10,000 ரூபாய் வரையில் தருவதாகக் குறித்திருக்கின்றீர்கள் என வைத்துக்கொள்வோம். வேறொருவர் 2,000 கேட்டிருப்பின், இயந்திரம் உங்கள் சார்பில் 2,100 கேட்டு நின்றுவிடும். எதிராளி இல்லையேல் அவ்விலைக்கே பொருள் உங்களுடையதாகும். இங்கேதான் விற்பவனின் கையாள் புகுகின்றான். அவன் 3,000 கேட்பான். இயந்திரம் 3,100 என்னும். 5,000 கேட்பான், 5,100 என்னும். இங்ஙனம் சிறிது சிறிதாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே சென்று, ஒருகால் 10,500 என்று கேட்டு உங்களைத் தாண்டிவிட்டால், உங்கள் எல்லை எதுவென்பது அவனுக்குத் தெரிந்துவிடும். உடனே, 'எண்ணைத் தவறாகக் குறித்துவிட்டேன்' என்று சொல்லித் தன் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, 9,900-த்தில் மீண்டும் வந்து நிற்பான். நீங்கள் 2,100-க்கு வாங்கியிருக்கத்தக்க பொருளை 10,000-க்கு வாங்கிவிட்டு, கடும்போட்டியில் வென்றோம் என்று மகிழ்ந்திருப்பீர்கள். களவு நிகழ்ந்ததே தெரியாத களவு இது. பொருள் போலியாயிருப்பின் என்றேனும் ஒருநாள் கண்டறியலாம். விலை போலியாயிருப்பின் கண்டறிவது எங்ஙனம்? அதனினும் கேடு யாதெனில், அவ்விலை பின்னர் வரும் விலைப்பட்டியல்களில் ஏறி, 'சென்ற ஏலத்தில் இவ்வளவு போயிற்று' என்று அடுத்தவரையும் இழுக்கும்.

2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஈபே என்னும் ஏலத்தளத்தில் நிகழ்ந்தது ஒன்றுண்டு. கலிபோர்னியாவைச் சேர்ந்த கென்னத் வால்ட்டன் என்னும் வழக்கறிஞர் ஓவியமொன்றை 25 சென்று தொடக்கவிலையில் ஏலத்துக்கு வைத்தார். ஓவியத்தின் மூலையில் இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் மட்டும் இருந்தன. ரிச்சர்டு டீபன்கார்ன் என்னும் பெரிய ஓவியரின் பெயரை அவர் எங்கும் சொல்லவில்லை. தாம் ஒன்றுமறியாத குடும்பத்தார் போலவும், வீட்டிலுள்ள குழந்தை மூன்றுசக்கர வண்டியை மோதி ஓவியத்தில் ஓட்டை செய்துவிட்டது போலவும் எழுதி வைத்தார். படித்தோர், 'இம்மனிதன் தன்னிடமிருப்பது இன்னதென்று அறியான்; நாம் அறிவோம்' என்று தமக்குள் நகைத்துக்கொண்டு விலையை ஏற்றினர். வால்ட்டனும் அவர்தம் கூட்டாளிகளும் வேறு பெயர்களில் நின்று உடன் ஏற்றினர். கேள்வி 1,35,805 டாலர் வரையில் சென்றது. பின்னர் விற்றவரே கேள்வி கேட்டிருந்தது வெளிப்பட்டு, ஏலம் தள்ளுபடியாகி, வழக்கும் வந்தது. ஏமாற விரும்பாதவனைக் கருவியாக்குவது கடினம். பிறனை ஏமாற்றலாம் என்று எண்ணுபவனைக் கருவியாக்குவது எளிது. வாங்குவோரின் உள்ளத்திலிருந்த சிறு கள்ளத்தை வால்ட்டன் நன்கு அறிந்திருந்தார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஈபே 2004-இல் இந்தியாவிற் புகுந்து, 2018-இல் தன் இந்தியத் தளத்தை மூடிற்று. பழநாணய ஏலங்களை ஒழுங்காக நடத்தும் நிறுவனங்கள் இங்கு உண்டு. அவை அச்சிட்ட பட்டியல் வெளியிட்டு, பொருளை நேரிற் காணவும் இடமளிப்பவை. ஆனால் பொதுமக்களுட் பெரும்பாலோர் அவற்றை அறியார். அவர்கள் காண்பது முகநூல் விளம்பரமும், யூடியூப் படமும், வாட்ஸப் செய்தியுமே. 'இந்த ஐந்து ரூபாய் நாணயம் உங்களிடம் உள்ளதா? பத்து இலட்சம் உங்களுக்கே' என்பது போன்ற வாசகங்களைக் காணாதவர் இக்காலத்தில் இரார். இங்கே மோசடி தலைகீழாகத் திரும்பிவிட்டது. அமெரிக்காவில் ஏமாந்தவன் வாங்குபவன், பெரும்பாலும் பணமுள்ளவன். நம் பக்கத்தில் ஏமாறுபவன் விற்க விரும்புபவன்; பெரும்பாலும் பணமில்லாதவன். ஏலம் என்ற சொல் மட்டும் நிற்கின்றது, ஏலம் நடப்பதேயில்லை.

தாம்பரத்திலிருந்து வண்டலூர் சென்று, அங்கிருந்து கிழக்கே செல்லும் சாலையின் முடிவில் உள்ளது கேளம்பாக்கம். ஒருபுறம் உப்பளங்களும் கழிமுகமும் தொன்றுதொட்டு அதற்கு அடையாளம்; மறுபுறம் இன்று பலமாடிக் குடியிருப்புக்களும் கணினி நிறுவனங்களும் எழுந்து, பழைய மாமல்லபுரச் சாலை இரவிலும் ஓய்வதில்லை. அவ்வூரில், உப்பளத்தில் உழைத்து முதுமையெய்திய பெரியவர் ஒருவரை மனத்தில் எண்ணிப் பார்ப்போம். தகரப்பெட்டியில் அவருடைய தாயார் வைத்துச் சென்ற சில காசுகள் இருக்கின்றன. பேரன் வாங்கிக் கொடுத்த கைபேசியில் விளம்பரத்தைக் காண்கின்றார். காசைப் படமெடுத்து அனுப்புகின்றார். மறுநாளே மறுமொழி வருகின்றது.

“ஐயா, உங்கள் நாணயம் தேர்வாகிவிட்டது. ஏலத்தில் நாலரை இலட்சம் வரையில் கேட்டிருக்கிறார்கள். உங்கள் பெயரைப் பதிவு செய்ய 850 ரூபாய் மட்டும் கட்டிவிடுங்கள்.”

நாலரை இலட்சத்துக்கு முன் 850 எம்மாத்திரம்? கட்டிவிடுகின்றார். அடுத்து, ரிசர்வ் வங்கியின் முத்திரையோடு ஒரு கடிதம் படமாக வந்து சேர்கின்றது. அதில் அவர் பெயரும் தொகையும் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கின்றன. இப்போது 'ஜி.எஸ்.டி.' என்று சில ஆயிரம். பின்னர் பணம் கொண்டுவரும் வண்டிக்குக் காப்புறுதி என்று சில ஆயிரம். பின்னர், 'வருமானவரி பிடித்தம் கட்டாவிடின் ஐயா மீது வழக்கு வரும்' என்ற அச்சுறுத்தல். முதலில் ஆசை காட்டி இழுத்த கயிறு, பின்னர் அச்சம் காட்டி இழுக்கின்றது. இடையில் விட்டுவிட்டால் கட்டியதெல்லாம் போய்விடுமே என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கின்றது. இதுவே இம்மோசடியின் உயிர்நிலை. முதல் தொகையைச் சிறிதாக வைப்பது, பின்வரும் தொகைகளுக்கு அது பிணையாக நிற்பதற்காகவே.

சில சமயம் கட்டணமே கேளாமல், 'பணத்தை அனுப்பியிருக்கிறோம். இந்தக் கட்டப்படத்தைப் பிடித்து உங்கள் இரகசிய எண்ணை இடுங்கள். தொகை வந்துவிடும்' என்பர். யூ.பி.ஐ. முறையில் இரகசிய எண் வேண்டப்படுவது பணம் செலுத்துதற்கே. பணம் பெறுதற்கு எவ்வெண்ணும் வேண்டியதில்லை. இவ்வொரு செய்தியை மட்டும் தம் இல்லத்துப் பெரியோர்க்கு மாணவர் சொல்லி வைப்பாராயின், அதுவே பெரிய உபகாரமாகும்.

இத்தகைய செய்கைகள் பெருகினமையால், இந்திய ரிசர்வ் வங்கியார் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் பொது அறிவிப்பொன்று வெளியிட்டனர். பழைய நோட்டுக்களையும் நாணயங்களையும் வாங்குவது விற்பது தொடர்பாகத் தம் பெயரையும் சின்னத்தையும் சிலர் பயன்படுத்திக் கட்டணமும் தரகும் வரியும் கேட்கின்றனர் என்றும், அவ்வாணிகத்தில் தாம் ஈடுபடுவதில்லை என்றும், எவ்வகைக் கட்டணமும் தாம் கேட்பதில்லை என்றும், தம் சார்பில் கேட்க எவருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை என்றும் அதிற் கூறினர். இதனினும் தெளிவாகக் கூறவியலாது. எனினும் அறிவிப்பைப் படிப்போர் தொகை சிறிது. விளம்பரத்தைப் பார்ப்போர் தொகை பெரிது. செய்தி வெளியிடும் இணையப்பக்கங்களே 'பழைய நாணயத்தால் இலட்சாதிபதி' என்ற தலைப்பில் கட்டுரை தீட்டுவதைக் காணும்போது, ஏமாந்தோரை மட்டும் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

மக்கள் நம்புவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அரிய பொருள் மெய்யாகவே உண்டு என்பதுதான் அது. முழுப்பொய் நெடுநாள் நில்லாது. மெய்யின்மேற் படர்ந்த பொய்யே நிற்கும். 1948 ஆகஸ்டு 15-இல் காந்தியடிகளின் நினைவாக நான்கு தபால் தலைகள் வெளியிடப்பட்டன, ஸ்விட்சர்லாந்தில் அச்சிடப்பட்டவை. அவற்றுள் பத்து ரூபாய்த் தலையில் நூறு மட்டும், கவர்னர் ஜெனரலின் அலுவலக உபயோகத்துக்காக 'சர்வீஸ்' என்ற சொல் மேலச்சிடப்பட்டது. அவ்வாறானவை நான்கு சேர்ந்த துண்டொன்று 2017-இல் இங்கிலாந்தில் ஐந்து இலட்சம் பவுனுக்கு விற்பனையாயிற்று. மேலச்சு இல்லாத அதே தலையின் விலையோ இதற்குச் சிறிதும் நிகரன்று. ஒரு சொல்லைக் கறுப்பு மையில் அச்சிட்டு விடுவது எவனுக்கும் அரிதன்று. ஆகவே போலி மேலச்சுக்கள் எழுந்தன. இத்தகைய தலையை வாங்குவோர் படத்தை நம்பார். இதற்கு முன் எவரிடம் இருந்தது என்ற வழிமுறையையும், வல்லுநர் சான்றையும் கேட்பர்.

நாணயங்களிலும் இவ்வாறே. 1939-ஆம் ஆண்டுப் பொறிப்புள்ள ஆறாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி ரூபாய் அரிது. அதுவரையில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி கொண்டிருந்த ரூபாய், 1940-இல் பாதி வெள்ளியாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முந்திய இறுதி ஆண்டின் நாணயம் சிலவே கிடைக்கின்றன. ஆகவே, எளிதிற் கிடைக்கும் 1938-ஆம் ஆண்டு ரூபாயை எடுத்து, எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கும் கைவினைஞர் தோன்றினர். உருப்பெருக்குக் கண்ணாடியின்கீழ் அவ்வொன்பதைப் பிறவெண்களோடு ஒப்பிட்டால் கள்ளம் புலப்படும். கைபேசிப் படத்திற் புலப்படாது. இன்னொன்று 1911-ஆம் ஆண்டு ரூபாய். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மார்பிலுள்ள மாலையில் பொறிக்கப்பட்ட யானை, துதிக்கை குறுகிப் பன்றிபோற் காணப்பட்டமையால் மக்கள் மனம் புண்பட்டு முறையிட்டனர். அடித்தவை சுமார் 94 இலட்சம். வழக்கில் வந்தவை சுமார் 7 இலட்சம். மற்றவை மீண்டும் உருக்கப்பட்டன. மறு ஆண்டு யானைக்குத் துதிக்கை திருத்தமாயிற்று. 'பன்றி ரூபாய்' என்று திரட்டுவோர் இதனை வழங்குவர். இது கொஞ்சம் கூடுதல் விலை பெறும், இலட்சங்கள் பெறாது.

இவற்றோடு, விளம்பரங்கள் போற்றும் பொருள்களை ஒப்பிடுக. வைஷ்ணவ தேவியின் உருவம் பொறித்த ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்கள் 2012-இல் பொது வழக்குக்கென்றே பெருந்தொகையில் அடிக்கப்பட்டவை. 786 என்னும் எண்ணில் முடியும் நோட்டை முஸ்லிம் அன்பர் சிலர் பக்தியால் போற்றி வைத்துக்கொள்வர். அது அவர்தம் உள்ளத்தைப் பொறுத்தது. கோடிக்கணக்கான நோட்டுக்களில் ஆயிரத்துக்கு ஒன்று அவ்வாறு முடியுமாதலின், அதில் அருமை யாதுமில்லை. மன்மோகன் சிங் கையொப்பமிட்ட ஒரு ரூபாய் நோட்டைப்பற்றியும் பேசுகின்றனர். ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் கையொப்பமிடுவது நிதித்துறைச் செயலரின் கடமை, அவர் 1976 முதல் 1980 வரையில் அப்பதவியில் இருந்தார், ஆகவே கையொப்பமிட்டார். அவ்வளவே. இருபத்தைந்து காசும் அதனிற் குறைந்தவையும் 2011 ஜூன் 30-உடன் செல்லாக்காசாயின என்பது மெய். செல்லாமை வேறு, அருமை வேறு.

மற்றொரு பொருளை மட்டும் தனியே எடுத்துரைத்தல் வேண்டும். 1818 என்ற ஆண்டும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் ஒருபுறமும், இராமர் சீதை முதலியோர் உருவம் மறுபுறமும் உள்ள செம்புக்காசுகள் நம் பக்கத்தில் உலவுகின்றன. 'ஓர் அணா' என்றும் அவற்றிற் பொறித்திருக்கும். இத்தகைய காசைக் கம்பெனியார் ஒருபோதும் அடித்ததில்லை. யாத்திரைத் தலங்களில் விற்பதற்காகப் பிற்காலத்தார் செய்தவை இவை. ஆனால் சென்னையில் கம்பெனியார் அடித்த வராகன்களில் திருமால் உருவம் உண்டு என்பதும், 1807-ஐ ஒட்டி அடித்த பொன் நாணயங்களில் ஒருபுறம் கோயிற்கோபுரம் இருந்தது என்பதும் மெய். அம்மெய்யை அரைகுறையாக அறிந்தவனே இப்பொய்யை விரைவில் நம்புகின்றான். இக்காசுக்கு அரிசியை இழுக்கும் ஆற்றல் உண்டு என்றும், இரிடியம் கலந்தது என்றும், வெளிநாட்டு ஆராய்ச்சிச்சாலையார் கோடிக்கணக்கில் வாங்குவர் என்றும் கூறி வீடுவாசல் இழக்கச் செய்யும் 'ரைஸ் புல்லிங்' கூட்டம் தமிழ்நாட்டில் இன்னும் ஓயவில்லை. 2014-இல் வெளிவந்த 'சதுரங்க வேட்டை' என்னும் படம் இதனை நகைச்சுவையோடு காட்டிற்று. படத்தைப் பார்த்துச் சிரித்தோருள்ளும் பின்னர் ஏமாந்தோர் இருக்கக்கூடும்.

அவ்வாறாயின் தம்மிடமுள்ள காசு மெய்யாகவே அரியதா என்று அறிய விரும்புவோர் என்செய்வது? முதலில் நிறுத்துப் பார்ப்பது. பழைய வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். வார்ப்பில் ஊற்றிய போலியின் விளிம்பில் இணைப்புக்கோடு தெரியும். எழுத்துக்கள் மழுங்கி, முகத்தில் நுண்துளைகள் காணும். காந்தத்தில் ஒட்டுமாயின் அது வெள்ளியன்று. இவ்வளவும் வீட்டிலேயே செய்யத்தக்கவை. காசைத் தேய்த்துப் பளபளப்பாக்குதல் மட்டும் கூடாது. மெய்யான காசின் விலையும் அதனாற் பாதியாகும். அடுத்து, அச்சிட்ட நாணயப் பட்டியல்களில் அதன் ஆண்டையும் அக்கசாலைக் குறியையும் ஒப்பிடலாம். எழும்பூர் அரசாங்க அருட்காட்சியகத்தில் நாணயக் காட்சிக்கூடம் உண்டு. மெய்யான நாணயம் எவ்வாறிருக்கும் என்பதைக் கண் பழகுதற்கு அதனினும் நல்ல இடம் சென்னையில் இல்லை. விற்பதாயின் நேரிற் சென்று, பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். வாங்குபவனே விற்பவனுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்ற பழைய முறை இன்னும் மாறவில்லை.

சட்டத்தையும் சிறிது அறிந்திருத்தல் நலம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தின்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருளாகும். அதனைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் குற்றம். ஆகவே, 'லண்டனில் ஒருவர் உங்கள் கம்பெனிக் காசை வாங்கக் காத்திருக்கிறார்' என்பவன் மெய்யே சொல்லினும், உங்களைக் குற்றத்துக்கே அழைக்கின்றான். நிலத்தில் புதைந்து கிடைக்கும் நாணயமோ புதையற்சட்டத்துக்கு உட்பட்டது. 1878-இல் இயற்றிய அச்சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டும். அடித்தளம் தோண்டுதல் நாடோறும் நடக்கும் கேளம்பாக்கம், தையூர்ப் பக்கங்களில் இதனை அறிந்திருப்போர் சிலரே.

பணத்தை இழந்தபின் பெரும்பாலோர் வாய் திறப்பதில்லை. பெரியவர் மருமகளிடம் சொல்ல நாணுவார். மகன் கடிந்துகொள்வான் என்று அஞ்சுவார். ஏமாற்றுவோருக்கு இந்நாணமே பாதுகாப்பு. காலம் தாழ்த்தலும் அவர்க்கே துணையாகின்றது. ஒரு கணக்கிற் சேர்ந்த பணம் சில நாழிகைக்குள் பல கணக்குகளுக்குப் பிரிந்துவிடும். அதற்குமுன் தெரிவித்தால், வங்கியார் அதனை நிறுத்தி வைக்க வழியுண்டு. இதற்கென மத்திய அரசாங்கத்தார் அமைத்துள்ள தொலைபேசி எண் 1930. இணையவழியிலும் முறையிடலாம். பிறர்போல் நடித்துக் கணினி வாயிலாக ஏமாற்றுதல், 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின்படியும், ஏமாற்றுதல் பாரதிய நியாய சன்ஹிதையின் 318-ஆம் பிரிவின்படியும் தண்டிக்கத்தக்க குற்றங்கள். முறையிடச் செல்வோர், பணம் அனுப்பியதற்கு வந்த எண்ணையும், பேசியவனுடைய தொலைபேசி எண்ணையும், அனுப்பிய கடிதப் படங்களையும் அழித்துவிடாமல் உடன் கொண்டுசெல்லல் வேண்டும். வெட்கத்தாலோ சினத்தாலோ பலர் முதலில் அழிப்பவை அவையே.